கழுவிப்போன பசை: துணி அச்சின் வரலாற்றில் ஒரு துணைப்பொருள்

1

துணி அச்சு பற்றி நம் சூழலில் எழுதப்பட்டவை பெரும்பாலும் நிறத்தைப் பற்றியவை. அவுரி பற்றி எழுதுகிறோம், சாயவேர் பற்றி எழுதுகிறோம், கோடாலிக்கருப்பூர்ச் சேலை அருங்காட்சியகங்களில் தொங்குவது பற்றிப் பெருமைப்படுகிறோம். நொய்யல் செத்ததைப் பற்றி எழுதும்போதுகூட ஆறு எந்தக் கிழமையில் என்ன நிறத்தில் ஓடியது என்றுதான் எழுதுகிறோம். நிறம் கண்ணுக்குத் தெரிகிறது, எனவே அதற்கு வரலாறு உண்டு. நான் எழுத நினைப்பது நிறத்தைச் சுமந்துகொண்டு போய்த் துணியில் இறக்கிவிட்டு, பிறகு கழுவப்பட்டுக் காணாமல் போகிற ஒரு பொருளைப் பற்றி. அதற்குப் பெயர் பசை. பட்டறையில் ‘கம்மு’ என்போம்.

1992 முதல் 1995 வரை திருப்பூரில் ஒரு டேபிள் பிரிண்டிங் பட்டறையின் கலர் ரூமில் ஹெல்ப்பராக இருந்தேன். பசை கிண்டுவது என் வேலை. சாயத்தைத் தண்ணீரில் கரைத்துத் துணியில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், நாலு பக்கமும் ஓடும். பூவுக்கு விளிம்பு கிடைக்காது. பசை அந்த ஓட்டத்தை நிறுத்துகிறது. ஆனால் வெறுமனே கெட்டியாக இருந்தாலும் போதாது. ரப்பர் கட்டையால் இழுக்கும்போது இளகிச் சல்லடைக் கண்ணுக்குள் இறங்க வேண்டும். கட்டை கடந்ததும் மறுபடி இறுகி நிற்க வேண்டும். மாஸ்டர் வாளிக்குள் குச்சியை விட்டுத் தூக்கிப் பார்ப்பார். நூல் மாதிரி இழுத்துக்கொண்டு இறங்கினால் ஒரு வேலைக்கு ஆகும், பொத்துப் பொத்தென்று விழுந்தால் வேறு வேலைக்கு ஆகும். அவரிடம் மீட்டர் எதுவும் கிடையாது. அந்தக் குச்சிதான்.

ஒரு ஏற்றுமதி ஆர்டர். ரியாக்டிவ் சாயத்தில் ஓடுகிற வேலை. அதற்கு ஆல்ஜினேட் பசைதான் போடுவோம். அந்த மாதம் ஆல்ஜினேட் விலை ஏறிவிட்டது என்று மேலிருந்து மக்காச்சோள ஸ்டார்ச் மூட்டை வந்து இறங்கியது. “பாதிக்குப் பாதி போடுங்க மாஸ்டர், பசைதானே, கழுவுனாப் போயிருமில்ல” என்று சொல்லியனுப்பினார்கள். மாஸ்டர் முணுமுணுத்தார், போட்டார். நீராவி காட்டிக் கழுவி எடுத்தால் பூப்போட்ட இடமெல்லாம் அட்டை மாதிரி விறைத்து நிற்கிறது. மூன்று தடவை கழுவினோம். விறைப்பும் போகவில்லை, நிறம்தான் பாதியாகிவிட்டது. லாட் திரும்பியது. விசாரணை நடந்தது. ‘ஹெல்ப்பர் ஸ்டார்ச்சைச் சரியா வேகவிடலை’ என்று முடிவாயிற்று. என் சனிக்கிழமைக் கூலியில் மூன்று வாரம் பிடித்தார்கள். “உடு கண்ணு, உன்ற மேல தப்பில்லைன்னு எனக்குத் தெரியும். ஏன்னு சொல்லத்தான் தெரியல” என்றார் மாஸ்டர்.

வெகுகாலம் அது என் தப்பு என்றே நம்பிக்கொண்டிருந்தேன். இந்தக் கட்டுரை அந்த ‘ஏன்’ என்பதிலிருந்து தொடங்கிய தேடல்.

2

ரியாக்டிவ் சாயம் 1956இல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனத்தால் ‘புரோசியான்’ என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. அதற்கு முன்பிருந்த சாயங்கள் இழைக்குள் புகுந்து ஒட்டிக்கொண்டிருந்தன. இதுவோ பருத்தியோடு வேதிவினை புரிந்து பிணைந்துவிடுகிறது. பருத்தி என்பது செல்லுலோஸ். ஸ்டார்ச்சும் அதே குளுக்கோஸ் கண்ணிகளால் ஆன சங்கிலிதான். இரண்டும் பங்காளிகள். சாயத்துக்கு எது துணி எது பசை என்ற பேதம் தெரியாது. துணியோடு சேரவேண்டிய சாயத்தில் ஒரு பங்கு பசையோடு சேர்ந்துவிடும். அப்படிச் சேர்ந்த பசை கழுவினால் இறங்காது, துணி விறைக்கும். இறங்குகிற பங்கு சாயத்தையும் இழுத்துக்கொண்டு போகும். ஆல்ஜினேட்டின் கதை வேறு. அதன் சங்கிலி நெடுகிலும் எதிர்மின்னூட்டம் உண்டு. சாயத்துக்கும் எதிர்மின்னூட்டம். ஒன்றையொன்று தள்ளுகின்றன. சாயம் வேறு போக்கிடமில்லாமல் துணிக்குப் போகிறது. ஆக, நான் ஸ்டார்ச்சை வேகவைத்ததற்கும் நடந்ததற்கும் சம்பந்தமே இல்லை. தேர்வு மேலே நடந்தது, தண்டனை கீழே இறங்கியது.

மாஸ்டரின் நோட்டில் அந்தப் பசைக்கான கணக்கு இப்படி இருக்கும்: ஆயிரம் கிராம் பசைக்கு யூரியா 100 முதல் 150 கிராம், ரெசிஸ்ட் சால்ட் 10, சோடா பைகார்பனேட் 20 முதல் 30, ஊறவைத்த ஆல்ஜினேட் 500 முதல் 600, கால்கன் கொஞ்சம், சாயம் ஷேடுக்குத் தகுந்தாற்போல், மீதி தண்ணி. யூரியா நீராவியின் ஈரத்தைப் பிடித்துவைத்துச் சாயத்தைக் கரைக்கும். ரெசிஸ்ட் சால்ட் நீராவிக்குள் சாயம் சிதையாமல் காக்கும். கால்கன் எதற்கென்றால் திருப்பூரின் போர்த் தண்ணீர் கடினநீர். அதிலுள்ள கால்சியம் ஆல்ஜினேட்டைக் கட்டிகட்டியாகத் திரித்துவிடும். இவற்றுக்கெல்லாம் பொதுப்பெயர் துணைப்பொருட்கள். துணைதான், ஆனால் ஒன்று இல்லையென்றாலும் பூ இல்லை.

மார்க்ஸ் ‘மூலதன’த்தின் முதல் பாகத்தில் இந்தத் துணைப்பொருட்களைக் கவனிக்கிறார். மாறா மூலதனம் பற்றிய பகுதியில் அவர் செய்கிற பாகுபாடு நமக்கு முக்கியம். கொதிகலனில் எரிகிற நிலக்கரியும் அச்சாணிக்குப் போடுகிற கொழுப்பும் தடயமே இல்லாமல் மறைந்துபோகின்றன. சாயம் போன்றவையும் மறைகின்றன, ஆனால் அவை உற்பத்திப் பொருளின் குணமாகத் திரும்பத் தோன்றுகின்றன என்கிறார். இந்தப் பாகுபாட்டில் பசையை எங்கே வைப்பது? அது சாயத்தோடு கலந்து துணிமேல் ஏறுகிறது, ஆனால் நிலக்கரியைப் போலத் தடயமில்லாமல் போகிறது. போயே ஆக வேண்டும். போகாத பசை கெட்ட பசை. அச்சுத்தொழில் கையேடுகள் பசைக்கு வகுக்கும் இலக்கணங்களில் முதன்மையான ஒன்று, எளிதில் முழுமையாகக் கழுவுபட வேண்டும் என்பது.

தடயமில்லை என்பது எங்கிருந்து பார்த்து? சரக்கிலிருந்து பார்த்து. மதிப்பு எப்படிப் பெயர்கிறது என்பதே மார்க்ஸின் கேள்வி, ஆகவே அவர் சரக்கைப் பார்த்தார். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் துணியில் இல்லாத தடயம் வேறெங்கோ இருந்தாக வேண்டும். எண்பதுகளின் இறுதியிலிருந்து தெரிதாவைப் படித்துவிட்டுத் ‘துணை’ என்பதே மையத்தைத் தீர்மானிக்கிறது என்று பேசிப் பழகியவர்கள் நாம். பசையையும் ஓர் உருவகமாக்கி, ‘விளிம்பு’, ‘மௌனம்’ என்று நாலு பக்கம் எழுதிவிடலாம். எனக்கு அதில் விருப்பமில்லை. பசைக்கு எடை உண்டு, விலை உண்டு, நாற்றம் உண்டு, அது வந்த ஊரும் போன ஊரும் உண்டு. அந்த ஊர்களைத்தான் தேட வேண்டும்.

3

முதலில் பசை இல்லாத ஒரு அச்சிலிருந்து தொடங்குவோம். 1734 வாக்கில் புதுச்சேரியில் பொலியே என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி, பாரிஸிலிருந்த வேதியியலாளர் துய்ஃபேயின் வேண்டுகோளுக்காக, துணியில் சித்திரம் எழுதும் வேலையைப் பக்கத்திலிருந்து பார்த்து எழுதிவைத்தார். ஒவ்வொரு கட்டத்திலும் துணியிலிருந்து ஒரு துண்டை வெட்டிச் சேர்த்து அனுப்பினார். 1742இல் சேசுசபைப் பாதிரியார் கேர்து இதே வேலையைப் பற்றி நீண்ட கடிதம் எழுதினார். அவருக்குத் தகவல் சொன்னவர்கள் அவரிடம் ஞானஸ்நானம் பெற்ற தொழிலாளிகள். அந்தக் கடிதம் அடுத்த ஆண்டே பிரான்ஸில் அச்சாகிவிட்டது. இன்று ‘தொழில்நுட்பக் களவு’ என்று சொல்லக்கூடிய காரியம், அன்று பக்தியின் பெயரால் நடந்தது.

அந்தக் குறிப்புகளில் காணும் முறை இது. வெளுத்த துணியைக் கடுக்காய்ப் பொடியும் எருமைப்பாலும் கலந்த கரைசலில் நனைத்துக் காயவைப்பார்கள். கடுக்காயின் துவர்ப்பு இரும்புக் கரைசலோடு சேர்ந்து கறுப்பாகும். பாலின் கொழுப்பு இழைகளை அடைத்து, எழுதிய கோடு ஓடாமல் நிறுத்தும். கஞ்சித் தண்ணீரில் இரும்புத் துண்டுகளைப் புளிக்கவைத்துக் கறுப்புக்கான கரைசல் செய்வார்கள். சிவப்பு வேண்டிய இடத்தில் படிகாரக் கரைசல், பிறகு சாயவேர்க் கொதிப்பு. நுனியில் மயிரோ கம்பளியோ சுற்றிய மூங்கில் பேனாவைக் கை அழுத்துகிற அளவுக்குத்தான் கரைசல் இறங்கும். ஓட்டத்தைக் கட்டுப்படுத்தியது அந்தக் கையும் அந்தப் பாலும். (கட்டை அச்சு வேலையில் வேலம்பிசின் கலப்பது இந்த நாட்டிலும் உண்டு. நான் சொல்வது பேனா வேலையை.)

உடனே ‘பார்த்தீர்களா, இயற்கையோடு இயைந்த நம் மரபு’ என்று ஆரம்பிக்கிற நண்பர்கள் இருக்கிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். அந்தச் சிவப்பைத் தந்த சாயவேருக்கு யாழ்ப்பாணமும் மன்னாரும் பேர்போனவை. டச்சுக்காரர்கள் அங்கே வேர் தோண்டுவதைத் தங்கள் ஏகபோகமாக வைத்திருந்தார்கள். மணலைக் குத்தி வேர் எடுப்பதற்கென்றே ஒதுக்கப்பட்ட சாதியார் இருந்தார்கள். எடுத்தே ஆகவேண்டிய கட்டாயம் அவர்களுக்கு. இயற்கை இருந்தது, இயைபு யாருக்கு இருந்தது?

ஐரோப்பா இந்தத் துணிக்கு மயங்கியதும் பயந்ததும் ஒருசேர நடந்தது. பிரான்ஸ் 1686 முதல் 1759 வரை அச்சிட்ட பருத்தித் துணியைத் தடைசெய்தது. இங்கிலாந்து 1701இல் இந்திய அச்சுத்துணியை உடுத்தத் தடை போட்டது, 1721இல் அதை இன்னும் இறுக்கியது, 1774இல்தான் தளர்த்தியது. தடைக்காலம் முழுக்க அவர்கள் சும்மா இருக்கவில்லை. கேர்துவின் கடிதம் கையில் இருந்தது. ஆனால் ஒரு துணிக்கு வாரக்கணக்கில் பேனா பிடிக்கும் கையை அவர்களால் அந்தக் கூலிக்கு வாங்க முடியாது. எனவே மரக்கட்டை. 1752இல் டப்ளினுக்கு அருகே டிரம்கோண்ட்ராவில் பிரான்சிஸ் நிக்சன் செப்புத்தகட்டைக் கொண்டு துணியில் அச்சிட்டுக் காட்டினார். 1783இல் தாமஸ் பெல் செப்பு உருளைக்குக் காப்புரிமை பெற்றார். கட்டைக்கும் தகட்டுக்கும் உருளைக்கும் கை கிடையாது. கரைசலைத் தகட்டின் பள்ளத்தில் நிற்கவைக்க வேண்டும், துணியில் அமுக்கியதும் ஓடாமல் இருக்கவைக்க வேண்டும். நிக்சனின் வெற்றியில் பெரும்பங்கு, அந்தக் கரைசலைத் தக்க அளவில் கெட்டியாக்கியது. சோழமண்டலக் கரையின் கையும் எருமைப்பாலும் செய்த வேலையைச் செய்ய ஐரோப்பாவுக்கு ஒரு பொருள் தேவைப்பட்டது. பிசின்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நீலத்தை நேரடியாகத் தீட்டுவதற்கு 18ஆம் நூற்றாண்டில் அங்கே கண்டுபிடித்த வழியில், அவுரியை ஆர்சனிக் கலந்த அரிதாரத்தோடு கரைத்துப் பிசினால் கெட்டியாக்கினார்கள். காற்றுப் பட்டால் கெட்டுவிடும் என்பதால் சடுதியில் தூரிகையால் தீட்ட வேண்டும். பட்டறைகளில் வரிசையாக உட்கார்ந்து அதைத் தீட்டியவர்கள் பெண்கள்.

4

பிசின் எங்கிருந்து வந்தது? சகாரா பாலைவனத்தின் தெற்கு விளிம்பில், இன்றைய மொரித்தானியாவிலும் செனகலிலும் வளரும் வேல மரங்களிலிருந்து. பாலைக்காற்று அடிக்கும் பருவத்தில் பட்டையைக் கீறினால் பிசின் வடிந்து உருண்டையாக உறையும். அதைச் சேகரித்தவர்களில் பெரும்பாலோர் மூர் இனத் தலைவர்களின் அடிமைகள். ட்ரார்சா, பிராக்னா அமீர்களின் ஆட்கள் அதைச் செனகல் ஆற்றங்கரைச் சந்தைகளுக்குக் கொண்டுவருவார்கள். செயின்ட் லூயி துறைமுகத்திலிருந்து அது ஐரோப்பாவுக்குக் கப்பலேறும்.

லங்காஷயருக்கும் லண்டனுக்கும் இந்தப் பிசின் இல்லாமல் அச்சு ஓடாது. ஆனால் துறைமுகம் பிரெஞ்சுக்காரர் கையில். தாமஸ் கம்மிங் என்ற பிரிட்டிஷ் வணிகர், செயின்ட் லூயியைப் பிடித்துவிடலாம் என்று பிட் அமைச்சரவையிடம் யோசனை சொல்லி, 1758இல் கப்பற்படையோடு கூடவே போய்ப் பிடித்துக்கொடுத்தார். அவர் குவேக்கர், அதாவது போரையே மறுக்கிற சமயப்பிரிவைச் சேர்ந்தவர். ஏழாண்டுப் போர் என்று பாடப்புத்தகத்தில் படித்தோமே, அதே போரில்தான் 1761 ஜனவரியில் பிரிட்டிஷார் புதுச்சேரியைப் பிடித்துத் தரைமட்டமாக்கினார்கள். நமக்கு இரண்டும் இரண்டு கண்டத்துச் சங்கதிகள். ஆனால் இவற்றை ஒரு துணி இணைத்திருந்தது.

மூர் வணிகர்கள் பிசினுக்கு ஈடாகக் கேட்டது பொன்னையல்ல. பிரெஞ்சுக்காரர்கள் ‘கினே’ என்று அழைத்த, அவுரியில் முக்கிய கருநீலப் பருத்தித் துணியை. அது சோழமண்டலக் கரையில், குறிப்பாகப் புதுச்சேரியைச் சுற்றி நெய்து தோய்க்கப்பட்டது. 19ஆம் நூற்றாண்டில் ஒரு பீஸ் கினே என்பது பிசின் சந்தையின் கணக்கு அலகாக, கிட்டத்தட்டப் பணமாகவே ஆகிவிட்டது. பிரான்ஸின் ரூவான் ஆலைகள் இதைப் போலிசெய்து பார்த்தன. பாலைவனத்து வாடிக்கையாளர்கள் முகர்ந்து பார்த்து, தடவிப் பார்த்து, இது புதுச்சேரி இல்லை என்று ஒதுக்கினார்கள்.

இப்போது முழுச் சுற்றையும் பாருங்கள். புதுச்சேரியின் நெசவாளியும் சாயத்தொழிலாளியும் செய்த நீலத் துணி ஆப்பிரிக்கா போகிறது. அங்கே அடிமைகள் சேகரித்த பிசினை அது வாங்குகிறது. பிசின் ஐரோப்பா போகிறது. அங்கே சோழமண்டலத்துச் சித்திரத் துணியின் நகலை இயந்திரத்தில் அச்சிடப் பசையாகிறது. அந்த நகல் திரும்பி வந்து சோழமண்டலத்துப் பேனாவை முடிக்கிறது. ஒரு கரையில் நாம் செய்த வேலை, இன்னொரு வழியாகச் சுற்றிவந்து நம் கழுத்தையே பிடித்தது. சதி என்று இதைச் சொல்ல மாட்டேன். யாரும் உட்கார்ந்து திட்டமிடவில்லை. சந்தை அதை அப்படி ஓடவிட்டது, அவ்வளவுதான்.

அட்லாண்டிக் அடிமை வணிகம் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சட்டத்தால் தடுக்கப்பட்டபோது, பிசின்தான் செனகலின் ‘நியாயமான’ வணிகப் பண்டமாகத் தலையெடுத்தது. மனிதர்களை விற்கவில்லை, மரத்துப் பிசினை விற்கிறோம் என்ற நிம்மதி வணிகர்களுக்கு. அந்தப் பிசினை எடுத்த கை அடிமையின் கை. மொரித்தானியா அடிமைமுறையைச் சட்டத்தில் ஒழித்தது 1981இல், குற்றமாக்கியது 2007இல். புதுச்சேரிப் பக்கமும் கணக்கு முடியவில்லை. நீலத் துணிக்காகக் கைத்தறிக்குப் பதில் ஆலைகள் வந்தன. அந்த ஆலை நகரத்தில்தான், 1936 ஜூலை 30 அன்று, சவானா ஆலைத் தொழிலாளர்கள் சுடப்பட்டு 12 பேர் செத்தார்கள். எட்டு மணி நேர வேலை கேட்டுச் செத்தவர்களை நாம் நினைவில் வைத்திருக்கிறோம், நல்லது. அந்த நகரத்துத் துணி என்ன வாங்கப் போயிற்று என்பதை மறந்துவிட்டோம்.

5

பிசினுக்கு மாற்றுத் தேடுவதும் கூடவே நடந்தது. 1821இல் டப்ளின் அருகே ஒரு ஆலையில் தீப்பிடித்து, கருகிய ஸ்டார்ச் தண்ணீரில் கரைந்து பிசுபிசுப்பதை ஒரு தொழிலாளி கவனித்தார் என்றொரு கதை உண்டு. வறுத்த ஸ்டார்ச்சுக்கு ‘பிரிட்டிஷ் கம்’ என்று பெயர் வந்தது. நம் பக்கம் புளியங்கொட்டை மாவு. ராஜஸ்தான், ஹரியானாவிலிருந்து கொத்தவரை இனமான குவார். அந்தக் குவார் 2012இல் அமெரிக்க எண்ணெய்க் கிணறுகளில் பாறை பிளக்கப் பயன்பட்டு விலை பல மடங்கு ஏறியது. ஒரு பட்டறையின் பசை விலையைத் தீர்மானிப்பது யார் என்பதற்கு அதுவே போதும்.

நான் ஊறவைத்த ஆல்ஜினேட் கடற்பாசியிலிருந்து வருவது. வேதியியலாளர் ஸ்டான்ஃபோர்ட் 1881இல் அதைப் பிரித்தெடுத்துக் காப்புரிமை பெற்றார். ரியாக்டிவ் சாயம் வந்த பிறகு துணி அச்சில் அதற்குத் தனி மவுசு. தமிழ்நாட்டில் ஆல்ஜினேட்டுக்கான பாசி மன்னார் வளைகுடாவிலிருந்து, 1960களிலிருந்து எடுக்கப்படுகிறது. கட்டக்கோரை, பக்கோடா பாசி என்று அங்கே சொல்வார்கள். முங்கி எடுப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். கண்ணுக்கு ஒரு கண்ணாடி, காலில் தகடு, விரல்களில் பாறை கிழிக்காமலிருக்கச் சுற்றிய துணிக்கீற்று, இடுப்பில் ஒரு பை. 

2004இல் பாம்பன் போயிருந்தபோது கரையில் பாசி காயவைத்துக்கொண்டிருந்த ஒரு அக்காவிடம் பேச்சுக் கொடுத்தேன். முங்குவதற்குப் போட்டிருந்த பழைய ஆம்பிளைச் சட்டையை மாற்றியிருக்கவில்லை. விரல் நுனிகள் வெளிறிச் சுருங்கியிருந்தன.

“இதெல்லாம் என்னத்துக்கு வாங்குறாகன்னு தெரியுமா தம்பி? மருந்துக்குன்னாக, ஐஸ்கிரீமுக்குன்னாக.”

துணியில் பூப் போடவும் ஆகும் என்றேன். அவர் தன் பழஞ்சேலையின் பூக்களை விரலால் தொட்டுப் பார்த்தார்.

“அப்ப இதுக்குள்ள இருக்கா?”

“இல்லக்கா. கழுவிருவாங்க.”

“அட, அம்புட்டுக் கஷ்டப்பட்டு எடுத்ததைக் கழுவியா விடுறாக?” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தத் தீவுகள் 21ஐயும் சேர்த்து 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். பவளப் பாறை காக்கப்பட வேண்டியதுதான், யாரும் மறுக்கவில்லை. ஆனால் தலைமுறையாக முங்கிய பெண்கள் சட்டத்தின் கண்ணில் அத்துமீறி நுழைகிறவர்களாகிவிட்டார்கள். இத்தனைக்கும் எந்த நாளில் போவது, எந்த நாளில் கடலை விட்டுவைப்பது என்று தங்களுக்குள்ளேயே கட்டுப்பாடு வைத்துக்கொண்டவர்கள் அவர்கள். காவலரின் பயத்தில் ஒளிந்து போய் எடுக்கிறவளால் பேரம் பேச முடியுமா? தடையின் விலை பாசியின் விலையில் இறங்கியது.

6

இயற்கைப் பசைகளின் கதை இது என்றால், செயற்கையின் கதை என்ன? என் காலத்தில் பட்டறையின் பெரும்பாலான வேலை பிக்மென்ட் அச்சு. அதற்குப் பசை மண்ணெண்ணெய். சிரிக்காதீர்கள். எமல்சிஃபயர் கலந்த தண்ணீரில் மண்ணெண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு வேகமாகச் சுழற்றினால் வெண்ணெய் மாதிரி வெள்ளையாகத் திரளும். அதில் நூற்றுக்கு எழுபது பங்குக்குமேல் மண்ணெண்ணெய். பிக்மென்ட்டையும் பைண்டரையும் கலந்து அடித்து, 150 டிகிரி சூட்டில் காட்டினால் மண்ணெண்ணெய் முழுசாகப் பறந்துவிடும். கழுவவே வேண்டாம். துணி மெத்தென்று இருக்கும், நிறம் பளிச்சென்று இருக்கும். தடயமில்லாத பசை என்ற இலக்கணத்துக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை.

பறந்தது எங்கே போயிற்று? சன்னலில்லாத அந்தக் கலர் ரூமுக்குள். மதியச் சோறு மண்ணெண்ணெய் மணத்தது. சாயங்காலம் தலை கனக்கும். பைண்டர் வேகும்போது கிளம்பும் ஃபார்மால்டிஹைடு கண்ணை எரிக்கும். மாஸ்டருக்கு ஐம்பது வயதுக்குள் நெஞ்சு போயிற்று. இருமல் நிற்காமல் வேலையை விட்டார். எந்த வைத்தியரும் அவரிடம் ‘என்ன பசை போடுறீங்க’ என்று கேட்கவில்லை.

பிறகு செயற்கைப் பசைகள் பரவலாயின. அக்ரிலிக் அமிலச் சங்கிலிகள். அம்மோனியா விட்டதும் சங்கிலி விரிந்து, நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கிலேயே தண்ணீர் கெட்டியாகிவிடும். மண்ணெண்ணெய் ஒழிந்தது. என் மாஸ்டருக்கு இது பத்து வருஷம் முன்னால் கிடைத்திருந்தால் நெஞ்சு தப்பியிருக்கலாம். ‘செயற்கை’ என்றாலே விஷம் என்கிற நம் தோழர்கள் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும். இந்தப் பசைக்கு உப்பு ஆகாது, கடினநீரில் இளகிப்போகும். நிலத்தடி நீரை உப்பாக்கிய ஊரில், பசை கெட்டியாக நிற்கவே வெளியிலிருந்து லாரியில் நல்ல தண்ணீர் வாங்கவேண்டியிருந்தது.

நொய்யல் பற்றி நேர்மையாகப் பேசுவோம். நொய்யலைக் கொன்றதில் முதல் பங்கு சாயப்பட்டறைகளின் உப்புக்குத்தான், அச்சுப் பட்டறைகளின் பங்கு அதைவிடக் குறைவு. பாசனத்துக்கென்று 1992இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தொட்டியானது. வழக்குகள் நடந்து, 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூரின் சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொன்னது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள். ஆனாலும் கழுவிய பசை போனதும் அதே தண்ணீரில்தான். யூரியாவின் நைட்ரஜன் தண்ணீரில் பாசியை வளர்க்கும். ஸ்டார்ச் போன்ற ‘சாப்பாட்டுப்’ பசைகளை நுண்ணுயிர்கள் ஆவலாகத் தின்னும். தின்னும்போது தண்ணீரின் ஆக்சிஜனையும் சேர்த்துக் காலிசெய்யும், மீன் சாகும். மனிதன் சாப்பிடக்கூடிய மாவு ஆற்றுக்கு நஞ்சாகும் என்பதைத்தான் இயற்கைவாதம் பார்க்க மறுக்கிறது.

7

1994இல் ஜெர்மனி சில அசோ சாயங்களைத் தடைசெய்ததும் திருப்பூர் ஒரே வருஷத்தில் சாயத்தை மாற்றிக்கொண்டது எனக்கு நினைவிருக்கிறது. பிற்பாடு எமல்சிஃபயர்களுக்கும் ஃபார்மால்டிஹைடுக்கும் வரம்புகள் வந்தன. வாங்குகிறவரின் பட்டியல்களில் பல துணியைச் சோதித்துத் துணியில் மிச்சமிருப்பதைக் கேட்கின்றன. அவர்கள் கேட்பது உடுத்துகிறவரின் தோலுக்காக. அதில் தவறில்லை. ஆனால் துணியில் மிச்சமில்லாத மண்ணெண்ணெய் அந்தச் சோதனையில் தேறிவிடும். கழுவப்பட்ட யூரியா தேறிவிடும். பாம்பன் அக்காவின் விரல் எந்தச் சோதனைக் கூடத்துக்கும் வராது.

இந்த வரலாற்றிலிருந்து எனக்குக் கிடைத்தது ஒன்றுதான். பசைத் தேர்வை இயற்கையா செயற்கையா என்று கேட்பது தவறான கேள்வி. எந்தக் கை எடுத்தது, எந்த நெஞ்சு சுவாசித்தது, எந்தத் தண்ணீர் வாங்கிக்கொண்டது, தப்பாகப் போனால் யார் கூலியில் பிடிக்கிறார்கள் என்று கேட்க வேண்டும். இந்த நாலு கேள்விக்கும் அரபுப் பிசின் தோற்கும், மண்ணெண்ணெய் தோற்கும், ஸ்டார்ச் தோற்கும். ஆல்ஜினேட் தேறலாம், அந்தப் பெண்களுக்குக் கடலில் உரிமையும் பாசிக்கு விலையும் இருந்தால். அக்ரிலிக் தேறலாம், கழுவிய தண்ணீரைப் பட்டறையே சுத்திகரித்தால். தேர்வை வேதியியல் மட்டும் முடிவு செய்வதில்லை என்பதற்காக வேதியியலைத் தெரிந்துகொள்ளாமல் இருக்கவும் முடியாது. ஸ்டார்ச்சும் பருத்தியும் பங்காளிகள் என்று 1993இல் எனக்கோ என் மாஸ்டருக்கோ தெரிந்திருந்தால், மூன்று வாரக் கூலியை அவ்வளவு எளிதாக விட்டிருக்க மாட்டோம்.

தொழிற்சங்கத் தோழர்கள் பட்டறை வாசலில் வந்து நின்றபோதெல்லாம் எங்களிடம் ஷிப்ட் எத்தனை மணி, கூலி எவ்வளவு, பி.எஃப். உண்டா என்று கேட்டார்கள். கேட்கவேண்டிய கேள்விகள்தான். அடுத்த முறை போகிறவர்கள் கலர் ரூம் வரைக்கும் போய், “என்ன கம்மு போடறீங்க?” என்றும் கேட்டுப் பாருங்கள். மாஸ்டர் நோட்டை எடுத்துக் காட்டுவார். சாயம், யூரியா, சோடா எல்லாவற்றுக்கும் கிராம் கணக்கு எழுதியிருக்கும். கடைசி வரியில் மட்டும் அளவு இருக்காது. ‘மீதி தண்ணி’ என்றிருக்கும். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று அங்கேயே உட்கார்ந்து பேச ஆரம்பிக்கலாம்.